போலோன்யாவை ஒரே நாளில் நடந்து பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலி போகும் நம் ஆட்கள் ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் என்று டிக்கெட் போடுவார்கள். நடுவில் போலோன்யாவில் ரயில் மாறுவார்கள். அதோடு சரி. அந்த நிலையத்தை விட்டு வெளியே வந்து ஒரு நாள் நடந்தால் என்னென்ன பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஃபுளோரன்ஸுக்கே நாள் போதவில்லை. போலோன்யாவுக்கு எதற்கு ஒரு நாள்?

ஃபுளோரன்ஸை விடச் சொல்லவில்லை. அங்கிருந்து வேக ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் போலோன்யா வந்துவிடும். காலையில் வந்து இரவில் திரும்பிவிடலாம்.

நடக்கப் பிடித்தவர்களுக்கு இத்தாலியில் இதைவிட நல்ல ஊர் இல்லை என்பது என் கருத்து. பழைய ஊர் முழுவதும் ஒரு கோட்டை வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. நடுவில் இருக்கும் பியாட்ஸா மஜ்ஜோரே சதுக்கத்திலிருந்து முக்கியமான எல்லா இடமும் கால் மணி, இருபது நிமிட நடைதான். அப்புறம், தெருவுக்குத் தெரு போர்டிகோ. அதாவது வீட்டின் மேல்மாடி நடைபாதை மீது நீண்டு, கீழே தூண் வரிசை தாங்கி நிற்கும் கூரை போட்ட வழி. பழைய ஊருக்குள் மட்டும் 38 கிலோமீட்டர், வெளியே உள்ளதையும் சேர்த்தால் 62 கிலோமீட்டர். 2021இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மழையோ வெயிலோ, குடை விரிக்காமலே ஊரைச் சுற்றி வரலாம்.

இவ்வளவு போர்டிகோ எப்படி வந்தது? அழகுக்காகவா?

இல்லை, இடநெருக்கடியால் வந்தது. இங்குள்ள பல்கலைக்கழகத்தின் தொடக்கத்தை 1088 என்று கணக்கிடுகிறார்கள். ஐரோப்பாவிலேயே பழமையானது என்ற பெயர் அதற்கு உண்டு. நாலா திசையிலிருந்தும் மாணவர்கள் வந்து குவிந்தார்கள், வேலை தேடியும் ஆட்கள் வந்தார்கள். வாடகைக்கு விட அறை வேண்டும், மனையோ நீளாது. அதனால் வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருப்பக்கம் இழுத்துக் கட்டினார்கள். மாடி இன்னும் வெளியே வர வர, கீழே மரத்தூண் கொடுத்துத் தாங்க வேண்டியதாயிற்று.

மற்ற ஊர்கள் இதை ஆக்கிரமிப்பு என்று இடித்துத் தள்ளின. போலோன்யா 1288இல் நேர் எதிராக ஒரு சட்டம் போட்டது. வீடு கட்டினால் போர்டிகோ கட்டியே ஆக வேண்டும், ஏற்கெனவே இருக்கும் வீட்டில் இல்லாவிட்டால் சேர்க்க வேண்டும். குதிரை மேல் இருப்பவன் தலை இடிக்காமல் போகும் உயரம் வேண்டும் என்று அளவும் சொன்னார்கள், ஏறத்தாழ 2.66 மீட்டர். அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்: மனை வீட்டுக்காரருடையது, பராமரிப்புச் செலவும் அவருடையது, ஆனால் நடக்கும் உரிமை ஊருக்கு. அந்த ஏற்பாடு இன்றுவரை நீடிக்கிறது. எழுநூறு ஆண்டுக்கு மேலாக ஒரு ஊர் நடந்து போகிறவனுக்கு நிழல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. போலோன்யாவில் பார்க்க வேண்டியது எது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். கோயிலும் கோபுரமும் அதற்குப் பிறகு.

மரத்தூண் போர்டிகோ இன்று சொற்பமே மிஞ்சியிருக்கிறது. ஸ்த்ராதா மஜ்ஜோரே தெருவில் இஸோலானி வீட்டு வாசலில் ஒன்பது மீட்டர் உயர ஓக் மரத்தூண்கள் 13ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கின்றன. அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். உத்தரத்தில் மூன்று அம்புகள் குத்தி நிற்பதாக ஊர்க்காரர்கள் காட்டுவார்கள், அதற்கு ஒரு கதையும் வைத்திருக்கிறார்கள்.

நடையை எங்கே தொடங்கலாம்?

ரயில் நிலையத்திலேயே. பெட்டி இருந்தால் அங்கேயே பாதுகாப்பறையில் போட்டுவிட்டு, வெளியே வரும் முன் இரண்டாம் வகுப்புக் காத்திருப்பு அறையைப் பாருங்கள். 1980 ஆகஸ்ட் 2 அன்று அங்கே வெடித்த குண்டில் 85 பேர் இறந்தார்கள். விடுமுறைக்குக் கிளம்பிய குடும்பங்கள், மாணவர்கள். இறந்தவர்களின் பெயர்கள் ஒரு பலகையில் வயதோடு இருக்கின்றன. சுவரில் விழுந்த பிளவை மூடாமல் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள். வெளிச்சுவர்க் கடிகாரம் குண்டு வெடித்த 10.25லேயே நிற்கிறது. ஐந்து நிமிடம் போதும், ஆனால் தாண்டிப் போய்விடாதீர்கள்.

பிறகு வியா தெல் இந்திபென்தென்ஸா என்ற நேர்த்தெருவில் போர்டிகோ வழியே இருபது நிமிடம் நடந்தால் சதுக்கம் வந்துவிடும். சனி, ஞாயிறுகளில் ஊர் நடுவே பெரிய தெருக்களில் வண்டிகளை விடமாட்டார்கள். நடப்பவர்களுக்குக் கொண்டாட்டம், ஆனால் கூட்டமும் அதிகம்.

சதுக்கத்தில் என்ன பார்ப்பது?

முதலில் நெப்டியூன் நீரூற்று. ஜம்போலோன்யா என்ற சிற்பி 1560களில் வார்த்த வெண்கலச் சிலை. கையில் இருக்கும் சூலத்தைப் பார்த்தால் எங்கோ பார்த்த மாதிரி இருக்கும். மஸெராட்டி கார் நிறுவனம் 1914இல் இந்த ஊரில்தான் தொடங்கியது, அதன் சின்னம் இந்தச் சூலம்தான். நீரூற்றுக்குப் பக்கத்துச் சுவரில், நாஜிகளை எதிர்த்துப் போராடி இறந்தவர்களின் சின்னச் சின்னப் புகைப்படங்கள் வரிசை வரிசையாகப் பதித்திருக்கும். ஊர் விடுதலையானது 1945 ஏப்ரல் 21.

அதே சுவருக்குப் பின்னால் சாலா போர்ஸா என்ற பொது நூலகம். உள்ளே போகக் காசு கிடையாது. தரையில் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், குனிந்து பார்த்தால் கீழே ரோமானியர் காலத்து ஊரின் இடிபாடுகள் தெரியும்.

அடுத்தது, பொதெஸ்தா மாளிகையின் அடியில் நான்கு வழி சந்திக்கும் வளைவுக் கூரை. ஒரு மூலையில் ஒருவர் சுவரைப் பார்த்து நின்று மெதுவாகப் பேச வேண்டும். எதிர் மூலையில் சுவரோடு காதை வைத்து நிற்பவருக்கு அது பக்கத்தில் நின்று சொன்னது போலக் கேட்கும். குறுக்கே எத்தனை பேர் போனாலும் பரவாயில்லை. வளைந்த கூரை ஒலியைச் சிதறவிடாமல் எதிர் மூலைக்குக் கடத்துகிறது. குழந்தைகளோடு போனால் இங்கிருந்து கிளப்புவது கஷ்டம்.

சான் பெத்ரோனியோ தேவாலயத்தின் முகப்பு ஏன் பாதியில் நிற்கிறது? உள்ளே போகலாமா?

1390இல் தொடங்கிய கட்டடம். முகப்பில் கீழ்ப்பாதிக்குப் பளிங்கு போர்த்தினார்கள், மேல்பாதி வெறும் செங்கலாகவே நின்றுவிட்டது. ஊர் மன்றம் தன் செலவில் கட்டியது, ஆயரின் பேராலயம் வேறு. 1530இல் ஐந்தாம் சார்லஸுக்குப் போப்பாண்டவர் புனித ரோமப் பேரரசராக முடிசூட்டியது இங்கேதான்.

உள்ளே அவசியம் போங்கள். இடது பக்கம் தரையில் நூல் பிடித்த மாதிரி ஒரு பித்தளைக் கோடு ஓடுகிறது. நீளம் 66.8 மீட்டர். ஜொவான்னி தொமெனிகோ காஸ்ஸினி என்ற வானியலாளர் 1655இல் போட்டது. சுமார் 27 மீட்டர் உயரத்தில் கூரையில் ஒரு சிறு துளை இருக்கிறது. சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் அந்தத் துளை வழியே விழும் ஒளிவட்டம் சரியாகக் கோட்டைத் தாண்டிப் போகும். கோடைக்காலத்தில் துளைக்குப் பக்கமாக விழும், குளிர்காலத்தில் கோட்டின் மறுகோடிக்குப் போய்விடும். எந்த நாளில் எங்கே விழும் என்று பக்கத்திலேயே பொறித்திருக்கிறார்கள்.

காஸ்ஸினி இதை வைத்து என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். ஒளிவட்டத்தின் அகலத்தை ஆண்டு முழுவதும் அளந்தார். அது சிறுத்துப் பெருக்கும் விதம், சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம் மாறுவது பற்றிக் கெப்ளர் சொன்ன கணக்கோடு ஒத்துப்போயிற்று. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னதற்காகக் கலிலியோவைத் திருச்சபை விசாரித்துத் தண்டித்தது 1633இல். அதற்கு இருபத்திரண்டு ஆண்டு கழித்து ஒரு தேவாலயத்தின் தரையிலேயே இந்த அளவீடு நடந்திருக்கிறது. காஸ்ஸினி பின்னாளில் பாரிஸ் போய்ச் சனிக்கோளின் நான்கு துணைக்கோள்களைக் கண்டுபிடித்தார்.

நேரம் பார்த்துப் போகிறவர்களுக்கு: கடிகார நேரத்தை நம்பிப் பன்னிரண்டு மணிக்குப் போய் நிற்காதீர்கள். மே முதல் ஆகஸ்ட் வரை ஒளிவட்டம் கோட்டைத் தொடுவது பகல் 1.10 முதல் 1.22க்குள். இத்தாலியில் பல தேவாலயங்களை மதியத்தில் பூட்டிவிடுவார்கள், அதனால் அன்று அந்நேரம் திறந்திருக்கிறதா என்று காலையிலேயே வாசல் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

உடற்கூறு அரங்கம் என்கிறார்களே, அது என்ன? குழந்தைகள் பயப்படுவார்களா?

தேவாலயத்துக்குப் பின்புறம், நடக்கும் தூரம் கூட இல்லை, ஆர்க்கிஜின்னாசியோ என்ற கட்டடம். 1563 முதல் 1803 வரை பல்கலைக்கழகம் இங்கே இருந்தது. முற்றத்துச் சுவர், படிக்கட்டு, கூரை என்று ஒரு சாண் இடம் விடாமல் மாணவர்களின் குலச்சின்னங்கள், சுமார் 6000. முற்றம் வரை இலவசம், மாடியில் இருக்கும் அரங்கத்துக்கு டிக்கெட்.

அரங்கம் முழுக்க மரம். நடுவில் வெள்ளைப் பளிங்கு மேசை, சுற்றிலும் அடுக்கடுக்காக மாணவர் இருக்கைகள். 1637இல் கட்டியது. மேசையில் பிணத்தை வைத்து அறுத்துக் காட்ட, பேராசிரியர் உயரமான இருக்கையில் உட்கார்ந்து விளக்குவார். அந்த இருக்கையின் விதானத்தை இரண்டு மர மனிதர்கள் தாங்குகிறார்கள். இருவருக்கும் தோல் கிடையாது. தசைநார் ஒவ்வொன்றும் தெரியும்படி செதுக்கியிருக்கிறது, கிட்டே போய்ப் பாருங்கள். 1944 ஜனவரியில் குண்டுவீச்சில் அரங்கம் நொறுங்கியது. இடிபாட்டிலிருந்து மரத்துண்டுகளைப் பொறுக்கி எடுத்துப் பழையபடியே கட்டினார்கள். குழந்தைகள் பயப்படும்படி ஒன்றும் இல்லை.

இந்தக் கட்டடத்துக்கு வெளியே உள்ள சிறிய சதுக்கத்தில் நிற்பது லூயிஜி கால்வானி சிலை. கையில் இருக்கும் பலகையில் தவளை. தவளைக் காலில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தவர் இந்த ஊர்க்காரர். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த லாரா பாஸ்ஸியும் இதே ஊர்தான். 1732இலேயே, பெண்ணான அவருக்கு இங்கே முனைவர் பட்டமும் பேராசிரியர் பதவியும் கிடைத்தன.

இரட்டைக் கோபுரத்தில் ஏற முடியுமா?

முடியாது. அஸினெல்லி கோபுரம் 97 மீட்டர், 498 படி. பக்கத்தில் சாய்ந்து நிற்கும் காரிஸெந்தா 48 மீட்டர். காரிஸெந்தாவின் அடித்தளம் பலவீனமானதால் 2023 அக்டோபர் முதல் இரண்டையும் மூடிவிட்டார்கள். பலப்படுத்தும் வேலை பல ஆண்டு பிடிக்கும். தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம். மேலிருந்து ஊரின் செங்கல் சிவப்பைப் பார்க்க ஆசை என்றால், சதுக்கத்தில் உள்ள அக்குர்ஸியோ மாளிகையின் மணிக்கூண்டில் டிக்கெட் வாங்கி ஏறலாம்.

நேரம் குறைவு. ஒரே ஒரு கலைப்படைப்பு என்றால் எதைப் பார்ப்பது?

யோசிக்கவே வேண்டாம். கிளவாத்தூரே தெருவில் சாந்தா மரியா தெல்லா வீத்தா என்ற சிறிய தேவாலயம். உள்ளே பீடத்துக்கு வலப்பக்கம், நிக்கோலோ தெல்லார்கா 15ஆம் நூற்றாண்டில் செய்த சுடுமண் சிற்பத் தொகுதி. சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவின் உடல் தரையில் கிடக்கிறது. சுற்றி ஆறு பேர், எல்லாம் ஆளுயரம். இடது ஓரத்தில் ஒருவர் இடுப்பில் சுத்தியலோடு மண்டியிட்டு, அழாமல், நம்மைப் பார்க்கிறார். கன்னத்தில் கைவைத்து விம்மும் இளைஞன். வலது ஓரத்தில் மகதலா மரியாள் ஓடிவருகிறாள். வாய் முழுவதும் திறந்திருக்கிறது, முக்காடும் மேலாடையும் காற்றில் பின்னால் பறக்கின்றன. சுடுமண்ணில் துணியை இப்படிப் பறக்கவிட முடியும் என்று நேரில் பார்க்கும் வரை நம்பமாட்டீர்கள். மரியாளின் முகத்துக்கு நேராக நின்று பாருங்கள், பிறகு பக்கவாட்டில் நகர்ந்து அந்தத் துணி மடிப்பைப் பாருங்கள். வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

இன்னும் அரை மணி இருந்தால் சான் தொமெனிகோ தேவாலயம். புனித தொமினிக்கின் கல்லறையில் மைக்கலாஞ்சலோ இருபது வயதுக்குள் செதுக்கிய மூன்று சிறு சிலைகள் உள்ளன. மெழுகுவர்த்தி ஏந்திய வானதூதர்களில் வலப்பக்கம் இருப்பவர் அவர் கைவேலை.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டுச் சாப்பிட வேண்டும். இந்த ஊரின் பெருமையான தொர்தெல்லீனி உருவத்தில் சின்ன மோதிரம் மாதிரி இருக்கும். உள்ளே பன்றி இறைச்சி, மிதப்பது இறைச்சிச் சாறு. தாலியாதெல்லே மேல் ஊற்றும் ராகூவில் மாட்டிறைச்சியும் பன்றியும் உண்டு. மொர்ததெல்லா முழுப் பன்றி.

சைவர்கள் கேட்க வேண்டியது தொர்தெல்லோனி. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் அளவில் பெரியது. உள்ளே ரிக்கோத்தா பாலாடைக்கட்டியும் கீரையும், மேலே வெண்ணெயும் சேஜ் இலையும். உருகிய வெண்ணெயில் அந்த இலை மொறுமொறுவென்று வறுபட்டு வரும், அருமையாக இருக்கும். ஆர்டர் கொடுக்கும்போது ‘சென்ஸா கார்னே’, அதாவது இறைச்சி இல்லாமல், என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். பார்மிஜானோ பாலாடைக்கட்டிக்குக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறை சேர்ப்பார்கள். கண்டிப்பான சைவர்கள் அதைத் தூவ வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

மதியம் இரண்டரைக்கு மேல் பல உணவகங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள், மறுபடி இரவு ஏழு, ஏழரைக்குத்தான். பில்லில் ‘கோப்பெர்த்தோ’ என்று தலைக்கு ஒரு தொகை இருக்கும். மேசைக்கான கட்டணம், ஏமாற்றுவதில்லை. காபியைக் கவுன்டரில் நின்று குடித்தால் மலிவு. சதுக்கத்தை ஒட்டிய க்வாத்ரிலாத்தெரோ சந்துகளில் பழக்கடை, மீன்கடை, பாலாடைக்கட்டிக் கடை எல்லாம் நெருக்கியடித்து இருக்கும். பழம் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டால் மாலை நடைக்கு உதவும்.

மதியத்துக்கு மேல்?

சாந்தோ ஸ்தெஃபானோ. சின்னச் சின்னத் தேவாலயங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக ஒட்டிக் கட்டிய வளாகம். ஏழு கோயில் என்று பெயர், இன்று நாலுதான் இருக்கிறது. ஜெருசலேம் போக முடியாதவர்களுக்காக இயேசுவின் கல்லறையை இங்கே வட்டமாக எழுப்பினார்கள். ஒரு முற்றத்தைத் தாண்டி இன்னொன்று என்று உள்ளே போய்க்கொண்டே இருப்பது நம் கோயில் பிரகாரங்களைச் சுற்றுவது போலவே இருக்கும். முன்னால் கூழாங்கல் பதித்த முக்கோணச் சதுக்கம். அங்கே கொஞ்சம் உட்காருங்கள்.

பியெல்லா தெருவில் சுவரில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு, திறந்தால் வீடுகளுக்கு நடுவே வாய்க்கால் ஓடும். பட்டு ஆலைகளை ஓட்டிய பழைய வாய்க்கால்களில் மூடாமல் விட்ட ஒரு துண்டு. படம் எடுக்க வரிசையே நிற்கும். எனக்கு அது அவ்வளவு முக்கியமாகத் தோன்றவில்லை.

சான் லூக்கா குன்றுக்கு நடந்து போவது நல்லதா, சுற்றுலா ரயில் வண்டியா?

முழங்கால் ஒத்துழைத்தால் நடங்கள். பழைய கோட்டைச் சுவரின் சரகோஸா வாசலிலிருந்து குன்றின் உச்சி வரை 3.8 கிலோமீட்டர், 666 வளைவு, முழுக்கக் கூரை போட்ட வழி. 1674இல் தொடங்கி அடுத்த நூற்றாண்டிலும் வேலை நடந்தது. உச்சியில் உள்ள தேவாலயத்தில் இருக்கும் மாதா படத்தை ஆண்டுதோறும் மே மாத வாக்கில் ஊருக்குள் எடுத்து வருவார்கள். மழையில் பக்தர்களும் படமும் நனையக்கூடாது என்பதற்காகக் கட்டியது. குடும்பங்களும் தொழிற்சங்கங்களும் ஆளுக்கு ஒரு வளைவு என்று செலவை ஏற்றுக்கொண்டன, அவர்கள் பெயர்களை வழியில் படிக்கலாம். 1677இல் ஊர் மக்கள் ஊரிலிருந்து குன்றுவரை வரிசையாக நின்று, கட்டுமானப் பொருளைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே கொண்டுபோனார்கள்.

மெலொன்செல்லோ வளைவு வரை சமதளம், அதற்கப்புறம் ஏற்றம், படிகளும் வரும். மெதுவாகப் போனால் ஒன்றேகால் மணி. நேரத்தை மிச்சப்படுத்த மெலொன்செல்லோ வரை 20ஆம் எண் பஸ்ஸில் போய் அங்கிருந்து ஏறலாம். நானாக இருந்தால் மாலை நாலு மணிக்குக் கிளம்புவேன். மேற்கு வெயில் தூண்களுக்கிடையே சாய்வாக விழும். குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டும், இரண்டு மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

தமிழுக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு. வீரமாமுனிவர் இங்கே படித்தவர். கான்ஸ்தான்ஸோ பெஸ்கி என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1680இல் வட இத்தாலியின் காஸ்தில்யோனேயில் பிறந்தார். 1698இல் இயேசு சபையில் சேர்ந்து ராவென்னாவிலும் போலோன்யாவிலும் பயிற்சி பெற்று, 1710இல் கோவா வந்து, அங்கிருந்து மதுரை மறைத்தளத்துக்கு வந்தார். நம் ஏகார ஓகாரத்துக்கு இன்றைய வடிவம் தந்தவர் நடந்த தெருக்கள் இவை. அவர் இருந்த காலத்தில் சான் லூக்கா வழி இன்னும் முடியவில்லை. இயேசு சபையாரின் பழைய சாந்தா லூச்சியா கோயில் காஸ்தில்யோனே தெருவில் இருக்கிறது, இப்போது பல்கலைக்கழகத்தின் பெருமண்டபம். அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

எந்த மாதம் நல்லது? என்ன செருப்பு?

ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் நம்மூர் வெயில், புழுக்கமும் சேரும். ஆகஸ்ட் 15ஐ ஒட்டிப் பல கடைகள் பூட்டியிருக்கும். திங்கட்கிழமை அருங்காட்சியகங்கள் பல மூடியிருக்கும். போர்டிகோ தரை பல இடத்தில் வழவழவென்று மெருகேறியிருக்கும், மழை ஈரத்தில் வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ போடுங்கள்.

அப்பா அம்மாவோடு போகிறேன். அவர்களால் முடியுமா?

ஊருக்குள் ஏற்ற இறக்கம் பெரிதாக இல்லை. சதுக்கம், சான் பெத்ரோனியோ, மரியாள் சிற்பம், சாந்தோ ஸ்தெஃபானோ நான்கையும் நிதானமாகப் பார்க்கலாம், நடுநடுவே காபிக் கடையில் உட்காரலாம். சான் லூக்காவுக்கு மட்டும் சதுக்கத்திலிருந்து கிளம்பும் சுற்றுலா வண்டியில் ஏற்றிவிடுங்கள்.

இன்னொரு நாள் கிடைத்தால்?

ராவென்னா. ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளின் மொசைக் ஓவியங்கள் உள்ள தேவாலயங்கள், எல்லாம் நடை தூரத்தில். கல்லா பிளாச்சீதியா கல்லறை மண்டபத்தை முதலில் பாருங்கள். சின்ன இடம், கூட்டமானால் சில நிமிடத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதனால் காலையில் கதவு திறக்கும்போதே போய்விடுவது நல்லது.